பழைய ஜீப் பிக்கப்புக்குக் கார் ஸ்டீயரிங் பொருத்தலாமா?

மலைத் தோட்டங்களிலும் மண்பாதை ஊர்களிலும் பழைய ஜீப் பிக்கப் வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வாழைத்தார், முட்டைகோஸ், மிளகு, தொழு உரம் எதை ஏற்றினாலும் முனகாமல் இழுக்கும் வண்டிகள் இவை. இவற்றின் மூலமான வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த வண்டிகள் பல பத்தாண்டுகள் விற்பனையாயின. இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பட்டைகளுக்கு இலை சேர்த்து, தொட்டிக்குத் தகடு மாற்றி, இவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்கும் விவசாயிகள் பலர்.

இத்தகைய வண்டிகளில் முதலில் முகம் கெடுவது ஸ்டீயரிங் சக்கரம். வெயிலிலும் மழையிலும் நின்று நின்று வளையத்தின் மேற்பூச்சு வெடிக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிகிறது. துருவும் பிசிறும் உள்ளங்கையைக் கீறுகின்றன. பட்டறைக்குப் போனால், 'கழிவு வண்டிக் கடையில் கார் ஸ்டீயரிங் கிடைக்கும், அரை மணி நேர வேலை' என்ற பதில் வருகிறது.

மாற்றலாம், தவறில்லை. ஆனால் எந்தக் காரின் சக்கரமும் எந்த வண்டிக்கும் ஆகிவிடாது. பிரேக் கெட்டால் கியரைக் குறைத்தும் கைப்பிரேக்கைப் பிடித்தும் ஒருவாறு சமாளிக்கலாம். சக்கரம் கையோடு கழன்று வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே கைக்காசைச் செலவழிக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நலம்.

குறை எங்கே இருக்கிறது?

ஸ்டீயரிங் பற்றி விவசாயிகள் சொல்லும் குறைகள் மூன்று. வளையம் உடைந்து கையைக் கிழிக்கிறது என்பது ஒன்று. திருப்பக் கனமாக இருக்கிறது என்பது இரண்டு. ஆட்டம் அதிகம், வண்டி நேராகப் போகவில்லை என்பது மூன்று. இவற்றில் முதல் குறைக்கு மட்டுமே சக்கரத்தை மாற்றுவது மருந்து. மற்ற இரண்டும் சக்கரத்துக்குக் கீழே உள்ள நோய்கள்.

கனமாக இருந்தால் முதலில் முன் டயர்களின் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்த டயர் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கும். அடுத்து கிங் பின் பேரிங்குகளையும் டை ராட் முனைகளையும் பாருங்கள். கிரீஸ் வறண்டு மண் ஏறியிருந்தால் எந்தச் சக்கரத்தைப் போட்டாலும் கனம் குறையாது. ஸ்டீயரிங் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகிப் போய், வருடக்கணக்கில் வறண்டே ஓடும் பாக்ஸ்கள் உண்டு.

ஆட்டம் அதிகம் என்றால் இருவர் சேர்ந்து ஒரு சோதனை செய்யலாம். இஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கம்பி அசைந்து, மறுபக்கக் கம்பி அசையாமல் நின்றால் தேய்மானம் அந்த மூட்டில் இருக்கிறது. பழைய ஜீப்பில் முன் குறுக்குச் சட்டத்தின் மேல் உள்ள பெல் கிராங்க் என்னும் துண்டு தேய்வது மிகச் சாதாரணம். ஸ்டீயரிங் பாக்ஸை சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருப்பதும் உண்டு. ஒரு ஸ்பானரில் தீரும் குறைக்குப் புதுச் சக்கரம் வாங்கிப் பயனில்லை.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம்? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி இதற்கு எல்லை சொல்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக் கூடாது. 17 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரத்தில் இது வளையத்தின் ஓரத்தில் ஏறக்குறைய நாலரை அங்குலம். வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எதிரே டாஷ்போர்டில் ஒரு குச்சியைக் கட்டி, முன் டயர் அசையத் தொடங்கும் வரை எத்தனை அங்குலம் நகர்கிறது என்று நீங்களே அளந்துகொள்ளலாம். நாலரை அங்குலம் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல வண்டியில் இது மிகவும் குறைவாகவே இருக்கும்.

அங்குலக் கணக்கு

பழைய ஜீப்பின் சக்கரம் ஏறக்குறைய 17 அங்குலக் குறுக்களவு கொண்டது. அதைப் பெரிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. திருப்பும் பலம் முழுவதும் ஓட்டுபவரின் தோளிலிருந்து வர வேண்டும். கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி நீளமாக இருந்தால் இறைப்பது எளிது, குட்டையாக இருந்தால் கை வலிக்கும். ஸ்டீயரிங்கும் அப்படியே.

17 அங்குலச் சக்கரத்தைத் திருப்ப 10 கிலோ இழுப்பு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வண்டியில் 15 அங்குலச் சக்கரம் போட்டால் 11.3 கிலோ தேவை. 14 அங்குலம் என்றால் 12.1 கிலோ. 13 அங்குலம் என்றால் 13.1 கிலோ. காகிதத்தில் இது சிறிதாகத் தோன்றும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறி இறங்கினால் 140 முறை வளைக்க வேண்டும். அப்போது கூடுதலான ஒவ்வொரு கிலோவும் தோளில் தெரியும்.

கையின் பலம் மட்டும் பிரச்னை அல்ல. முன் டயர் கல்லிலோ குழியிலோ மோதும்போது ஸ்டீயரிங் வெட்டி இழுக்கும். சக்கரம் சிறிதானால் அந்த வெட்டும் அதே விகிதத்தில் கூடும். 14 அங்குலச் சக்கரத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பெருவிரலை வளையத்துக்கு உள்ளே மாட்டி ஓட்டுபவர்களுக்கு விரல் முறியும் ஆபத்து உண்டு. கரடுமுரடான பாதையில் பெருவிரலை எப்போதும் வளையத்தின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வாங்கப் போகும் சக்கரம் 16 அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பார்வைக்கு அழகாக இருக்கும் சிறிய 'ஸ்போர்ட்ஸ்' ஸ்டீயரிங்குகள் லோடு ஏற்றும் வண்டிக்கு ஏற்றவை அல்ல.

பல் பொருந்த வேண்டும்

ஸ்டீயரிங் சக்கரம் தண்டின் மேல் வெறும் நட்டால் மட்டும் நிற்பதில்லை. தண்டின் நுனியில் சுற்றிலும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். சக்கரத்தின் நடுக் குமிழில் அதற்கு எதிர்ப் பற்கள் இருக்கும். திருப்பும் பலத்தைத் தாங்குவது இந்தப் பற்கள்தான். நட்டின் வேலை சக்கரம் மேலே எழும்பாமல் பிடித்து வைப்பது.

இந்தப் பல்லின் எண்ணிக்கை, தண்டின் பருமன், நுனி நேராக இருக்கிறதா அல்லது கூம்பாகச் சரிகிறதா என்பவை கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். மூன்றும் பொருந்தினால்தான் சக்கரம் பொருந்தியதாகும். இரண்டு பொருந்தி ஒன்று தவறினாலும் அது உங்கள் வண்டிக்கான சக்கரம் அல்ல.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரி பாகச் சந்தைக்குப் போகும்போது, கழற்றிய பழைய சக்கரத்தையே கையில் எடுத்துச் செல்லுங்கள். வாய்மொழியாக 'ஜீப்புக்கு ஆகும்' என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள். தண்டின் பற்களை எண்ண ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்துச் சுற்றி எண்ணலாம். எண்ணெய் துடைத்த தண்டின் மேல் ஈரமான துணி சோப்பை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூன்று வழிகள்

முதல் வழி, இருக்கும் சக்கரத்தையே பழுது பார்ப்பது. குமிழும் பல்லும் நன்றாக இருந்து, வளையம் மட்டும் வெடித்திருந்தால் இதுவே சிறந்தது. செலவும் குறைவு. வெடிப்பை அரத்தால் 'வி' வடிவில் அகலப்படுத்தி, துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். மண்ணும் எண்ணெயும் இல்லாமல் துடைத்த பின், இரண்டு பகுதியாகக் கலக்கும் எபாக்சிப் பசையைக் கெட்டியாக அடைத்து ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பின்பு உப்புத்தாளால் இழைத்து வண்ணம் அடிக்கலாம். அதன் மேல் தோல் உறையை இறுக்கித் தைத்துவிட்டால் கைக்கு மெத்தென்று இருக்கும். தளர்வாக மாட்டும் உறையைத் தவிர்க்கவும். அது வளையத்தின் மேல் சுழன்று, திருப்பும் நேரத்தில் பிடி நழுவும். ஆனால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியோ ஆரக்காலோ விண்டிருந்தால் இந்த வழி உதவாது.

இரண்டாம் வழி, பல்லும் பருமனும் கூம்பும் பொருந்துகிற வேறொரு சக்கரத்தைத் தேடி அப்படியே பூட்டுவது. இதில் கடைசல் வேலை எதுவும் இல்லை. தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

மூன்றாம் வழி, நடுவில் ஒரு இணைப்புக் குமிழ் வைப்பது. ஒரு பக்கம் ஜீப்பின் தண்டுக்கு ஏற்ற பல், மறுபக்கம் தட்டையான முகம், அதில் சுற்றிலும் சம இடைவெளியில் 6 போல்ட் துளைகள். கார் சக்கரத்தை அந்த முகத்தில் போல்ட்டால் பிடிக்க வேண்டும். இதை லேத் பட்டறையில் ஒரே எஃகுத் துண்டில் கடைந்து, உள்பல்லை ஸ்லாட்டிங் எந்திரத்தில் வெட்டுவது முறை. அனுபவமுள்ள பட்டறையில் மட்டும் இதைக் கொடுங்கள். போல்ட்டுகள் உயர்ந்த தரமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தானே தளராத லாக் நட்டு அவசியம்.

இணைப்புக் குமிழ் வைத்தால் சக்கரம் அதன் கனத்தின் அளவு ஓட்டுபவரை நோக்கி நெருங்கி வரும். கார் சக்கரங்களில் நடுப்பகுதி குழிந்து வளையம் வெளியே துருத்திக்கொண்டும் இருக்கும். ஜீப்பின் இருக்கை பெரும்பாலும் நகராது. இருக்கையில் அமர்ந்து வயிறும் முட்டியும் சக்கரத்தில் இடிக்கிறதா, கிளட்சை முழுவதும் மிதிக்க முடிகிறதா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

கழற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கட்டை போடுங்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய ஜீப்பில் ஹாரன் வயர் தண்டின் உள்ளேயே வருகிறது. ஹாரன் பொத்தானை மெல்ல எடுத்து, வயரை அறுக்காமல் விடுவிக்கவும்.

நட்டைத் தளர்த்தும் முன் தண்டிலும் குமிழிலும் நேருக்கு நேர் ஒரு பஞ்ச் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். இறுகிய சக்கரம் திடீரென்று விடுபடும்போது முகத்தில் அடிக்காமல் இந்த நட்டு தடுக்கும்.

சக்கரத்தை எடுக்கப் புல்லரைப் பயன்படுத்த வேண்டும். பட்டறையில் கேட்டால் வாடகைக்கும் கிடைக்கும். தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பது பல இடங்களில் வழக்கம். இதைச் செய்யவே கூடாது. அந்த அடி நேராகத் தண்டின் வழியே ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் இறங்கி, அங்குள்ள பேரிங்கையும் திருகுப் பல்லையும் சேதப்படுத்தும். தண்டின் மரையும் நசுங்கும். துரு பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள்.

பூட்டும் முறை

பூட்டும் முன் பாக்ஸின் நடு நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் சரிபாதி நடு நிலை. இந்த நிலையில் முன் டயர்கள் நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டிராக் லிங்க் நீளத்தைச் சரி செய்ய வேண்டுமே தவிர, சக்கரத்தை மட்டும் திருகி நேராக்கக் கூடாது. பழைய ஜீப்பின் பாக்ஸ், நடு நிலையில்தான் மிக நெருக்கமாகப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டது. நடுவை விட்டு விலகி ஓடினால் நேர்ச் சாலையில் ஆட்டமும் வளைவில் இறுக்கமும் தோன்றும்.

நடுவை உறுதி செய்த பின் ஆரக்கால்கள் ஒழுங்காக நிற்கும்படி சக்கரத்தை மாட்டுங்கள். உதாரணமாக, 36 பல் உள்ள தண்டில் ஒரு பல் தள்ளினால் 10 டிகிரி நகரும். குமிழ் முழுவதும் கீழே அமர்ந்த பிறகு நட்டைப் போடுங்கள். நட்டின் எல்லா மரைகளும் பிடித்து, தண்டு நட்டுக்கு வெளியே சிறிது தெரிய வேண்டும். நட்டு பாதி மரையில் நின்றால் அந்தச் சக்கரம் ஆகாது. ஸ்பிரிங் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். சரியான ஸ்பானரால் இறுக்கிய பின் நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

கார் சக்கரத்தின் ஹாரன் அமைப்பு ஜீப்புக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. டாஷ்போர்டில் கைக்கு எட்டும் இடத்தில் தனிப் பொத்தான் வைத்துவிடலாம். வயர் தண்டைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதபடி கட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

பல் பொருந்தாத சக்கரத்தைத் தகரத் துண்டு செருகி இறுக்குவது, பல்லை அரத்தால் ராவி நுழைப்பது, குமிழைத் தண்டோடு வெல்டிங் வைத்துவிடுவது ஆகிய மூன்றும் பெரிய ஆபத்து. தகரம் சில நாளில் நசுங்கும். ராவிய பல் ஒரு நாள் வழுக்கும். வெல்டிங் சூட்டில் தண்டு தன் பதத்தை இழந்து, வெல்டிங் ஓரத்தில் விண்டு போகும். வார்ப்பு இரும்பு, அலுமினியக் குமிழ்களில் சாதாரண வெல்டிங் பிடிப்பதே இல்லை.

ஏர்பேக் உள்ள சக்கரத்தை வாங்காதீர்கள். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமானது. அதனால் இப்போது கழிவுக் கடைக்கு வரும் சக்கரங்களில் ஏர்பேக் கொண்டவை அதிகம். ஏர்பேக்கினுள் வெடித்துப் புகையும் மருந்து இருக்கிறது. ஒழுங்கற்ற மின்சாரம் பட்டாலோ சூடேறினாலோ கையிலேயே வெடிக்கலாம். பழைய ஜீப்பில் அதை வேலை செய்ய வைக்கவும் வழியில்லை. ஏர்பேக்கை எடுத்துவிட்ட வெறும் சக்கரத்திலோ நடுவில் கூரிய இரும்பு துருத்திக்கொண்டிருக்கும். மோதல் ஏற்பட்டால் நெஞ்சு அதன் மேல்தான் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே சக்கரத்தை மட்டும் மாற்றினாலும், வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்டீயரிங் பாக்ஸையோ தண்டையோ மாற்றுவதாக இருந்தால் கேட்காமல் கை வைக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாடகைக்கு லோடு ஏற்றும் பழைய வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. உண்டு. அங்கே ஸ்டீயரிங் ஆட்டமும் ஹாரனும் பார்க்கப்படும்.

பழைய சக்கரத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பு மாறாமல், சொந்த உபயோகத்தில் உள்ள வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. அப்படிப் பதிந்த வண்டியில் அன்றாடம் லோடு அடிக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு நாள் வண்டியை விற்க நேர்ந்தால், மூலச் சக்கரம் உங்களிடம் இருப்பது விலையில் தெரியும்.

சோதனை ஓட்டம்

பூட்டியவுடன் லோடு ஏற்றிச் சாலைக்குப் போகக் கூடாது. முதலில் நின்ற இடத்தில் இரு கோடியும் திருப்பிப் பாருங்கள். வளையத்துக்கும் சுவிட்சுகளுக்கும் இடையே விரல் நுழைய இடம் வேண்டும். சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பின்பு ஆளில்லாத களத்திலோ அறுவடை முடிந்த வயலிலோ வெறும் வண்டியாக மெதுவாக ஓட்டுங்கள். அடுத்து பாதி லோடு, அதன் பிறகே முழு லோடு. முதல் வாரம் தினமும் காலையில் பெயிண்ட் கோட்டைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து நட்டையும் 6 போல்ட்டுகளையும் மறுபடி ஸ்பானர் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை கிரீஸ் அடிக்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வளையம் மட்டும் கெட்டிருந்தால் பழுது பாருங்கள். குமிழோ ஆரக்காலோ கெட்டிருந்தால் பல் பொருந்தும் பெரிய சக்கரமாகத் தேடி மாற்றுங்கள். கனமும் ஆட்டமும் குறையென்றால் சக்கரத்தை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். ஒரு புல்லர் வாடகை, ஒரு புது வாஷர், ஒரு பெயிண்ட் கோடு இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். விளைச்சலோடு ஓட்டுபவரும் மலையிறங்கிப் பத்திரமாக வீடு வந்து சேர அது போதும்.